ஆர்.பி. வந்த ஓவியர் வரைவதை நிறுத்த வேண்டுமா?

எண்ணெய் வண்ணத்தில் தானாகவே வரையக் கற்றுக்கொண்டவர் நீங்கள். முப்பதுகளின் நடுவில் இருக்கும்போது, விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி., என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் எத்தனை வருஷம் பார்வை இருக்கும், அதற்குள் ஓடி ஓடி வரைந்து முடித்துவிடவா, இல்லை இப்போதே நிறுத்திவிட்டுக் களிமண் மாதிரி வேறு எதற்காவது மாறிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வரைவதால்தான் கண் சீக்கிரம் கெடுகிறது என்று வீட்டில் சொல்வதாகவும் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. எனக்கென்னவோ, வருஷக் கணக்கு உங்கள் உண்மையான கேள்வி இல்லை என்று படுகிறது. யாரிடமும் பாடம் கேட்காமல், கண்ணை மட்டும் நம்பி வளர்த்துக்கொண்ட வேலை இது. கண் போனால் கையில் ஏதாவது மிஞ்சுமா என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் குறைபார்வைப் பிரிவில் வேலை செய்யும் ஆப்டோமெட்ரிஸ்ட். மருந்தாலும் அறுவை சிகிச்சையாலும் கூட்ட முடியாத பார்வையை வைத்துக்கொண்டு படிக்க, தைக்க, சமைக்க, வரையக் கற்றுக்கொடுப்பது என் அன்றாட வேலை. நான் ஓவியன் இல்லை. ஒரு படம் நன்றாக வந்திருக்கிறதா என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. உங்கள் கண்ணைப் பரிசோதிக்காமல் அதைப் பற்றி எதையும் அடித்துச் சொல்லவும் முடியாது. இந்த நோயைப் பற்றிப் பொதுவாகத் தெரிந்ததையும், இதோடு வேலையைத் தொடர்ந்தவர்களிடம் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரைவதால் ஆர்.பி. அதிகமாகாது. கண்ணை உபயோகித்தால் தேய்ந்துவிடும் என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் இருக்கிறது, ஆனால் அப்படி எதுவும் கிடையாது. மரபணுவில் இருக்கும் பிழையால் விழித்திரையின் குச்சி செல்கள் முதலில் சாகின்றன. அதனால்தான் இருட்டில் தடுமாற்றமும் பக்கவாட்டுப் பார்வை இழப்பும் முதலில் வருகின்றன. நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கும் கூம்பு செல்கள் பிந்தித்தான் பாதிக்கப்படும். நீங்கள் தினமும் எட்டு மணி நேரம் வரைந்தாலும், கேன்வாஸைத் தாங்கும் ஈசல் சட்டத்தை மடித்து மூலையில் வைத்தாலும் அந்தச் செல்களுக்கு இரண்டும் ஒன்றுதான். மணிக்கணக்கில் உற்றுப் பார்த்தால் தலைவலி வரும், கண் வறளும். அது களைப்பு, சேதம் இல்லை. வீட்டில் இருப்பவர்களிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

அடுத்தது, எத்தனை வருஷம் என்பது. இதற்கு நேர்மையான பதில், யாராலும் தேதி சொல்ல முடியாது என்பதுதான். ஒரே குடும்பத்தில் ஒரே மரபணுப் பிழை இருக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும்கூட வேகம் வேறாக இருக்கும். நடுப்பார்வை ஐம்பது, அறுபது வயதுவரை ஓரளவு நிற்பவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் அப்படி இல்லை என்பதும் உண்மை. கண்ணை அசைக்காமல் எவ்வளவு அகலம் தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலப் பரிசோதனைகளை வருஷா வருஷம் எடுத்து, அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் உங்கள் வேகம் என்ன என்பது மெதுவாகத் தெரியவரும். ஒரே ஒரு அறிக்கையை வைத்து எண் சொல்பவரை நம்ப வேண்டாம்.

நடைமுறையில் இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஆர்.பி. என்று பெயர் வைத்துவிட்டால், அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு மங்கலையும் அதன் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். இந்த நோய் இருப்பவர்களுக்குச் சின்ன வயதிலேயே கண்புரை வருவது சகஜம். அதை எடுக்க முடியும். விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அதற்குச் சொட்டு மருந்தும் மாத்திரையும் இருக்கின்றன, பலருக்கு வேலையும் செய்கின்றன. வெளிச்சத்தைப் பார்த்தால் பூசினாற்போல் கூசுகிறது, சில வாரங்களாக நேர்க்கோடு வளைந்து தெரிகிறது என்றால் “நோய் முற்றிவிட்டது” என்று வீட்டில் உட்காராமல் போய்க் காட்டுங்கள். மரபணுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஆர்.பி.ஈ.65 என்ற மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கான மரபணு சிகிச்சையை அமெரிக்கா 2017இல் அனுமதித்தது. ஆர்.பி.யோடு தொடர்புள்ள மரபணுக்கள் பல டஜன்; அந்த ஒன்று உங்களுடையதாக இருக்கும் வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் எந்த மரபணு என்று தெரிந்தால்தான் நாளைக்கு வரும் ஆய்வில் உங்கள் பெயரைச் சேர்க்க முடியும். ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். முறையான மருத்துவ ஆய்வு உங்களிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்பது அபூர்வம். கண் பயிற்சி செய்தால் ஆர்.பி. குணமாகும் என்பதும் இதே ரகம்.

இனி ஓவியம். பார்வை இழந்த ஓவியர் என்றதும் எல்லோரும் பிரெஞ்சு ஓவியர் மோனேயைத்தான் இழுப்பார்கள். அவருக்கு 1912இல் கண்புரை கண்டுபிடித்தார்கள். 1923இல் வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் மறுபடியும் வரைந்தார். அது திரும்பி வந்த பார்வை. திரும்பாத நோய் உள்ளவருக்கு அவரை ஆறுதலாகக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரிடம் உங்களுக்கு உபயோகமானது வேறொன்று: நிறம் பிடிபடாமல் போன காலத்தில் டியூப்பில் ஒட்டியிருந்த பெயரையும், வண்ணம் கலக்கும் பலகையான பேலட்டில் அவை இருக்கும் வரிசையையும் நம்பி வேலை செய்தார். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் டெகாவுக்கு விழித்திரையிலேயே கோளாறு. வயது ஏற ஏற அவருடைய கோடுகள் முரடாகிக்கொண்டே போனது படங்களில் தெரிகிறது. கண் மருத்துவர் மைக்கேல் மார்மர் 2006இல், இந்த இருவருக்கும் அவர்களுடைய படங்கள் எப்படித் தெரிந்திருக்கும் என்று கணினியில் மங்கலாக்கிக் காட்டினார். டெகாவின் முரட்டுக் கோடுகள் அந்த மங்கலில் பூசி மெழுகினாற்போல் சீராகத் தெரிகின்றன. அவர் கண்ணுக்கு அது முரடாகவே பட்டிருக்காது என்று நினைக்க இடம் இருக்கிறது. அதற்காக அந்தப் பாணி முழுக்கக் கண்ணால் வந்தது என்று சொல்வது ஊகம். ஓவியரின் விருப்பம் எங்கே முடிந்து கண்ணின் குறை எங்கே தொடங்கியது என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது.

உங்களுக்கு நெருக்கமானவர்கள் வேறு சிலர். வங்காள ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, இன்னொன்றில் கடும் கிட்டப்பார்வை. 1950களின் நடுவில், ஒரு கண் அறுவைக்குப் பிறகு அந்தப் பார்வையும் முழுக்கப் போனது. அதற்கப்புறம் காகிதம் வெட்டி ஒட்டினார், உருவங்கள் செய்தார், 1972இல் சாந்திநிகேதனில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியமே வைத்தார். பிரிட்டிஷ் ஓவியர் சார்ஜி மேன் 2005இல் முழுப் பார்வையையும் இழந்தார். 2015இல் இறக்கும்வரை எண்ணெய் வண்ணத்தில்தான் வரைந்தார். கேன்வாஸில் ப்ளூ டேக் என்ற ஒட்டுப்பசை உருண்டைகளை ஒட்டிவைத்து, விரலால் தடவி, எந்த உருவம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பார். இவர்கள் இரண்டு பேரும் முறையாகப் படித்தவர்கள் ஆயிற்றே என்பீர்கள். சரி, துருக்கியில் எஷ்ரெஃப் அர்மகான் என்று ஒருவர். பிறவியிலேயே பார்வை இல்லை, பள்ளியில் கலை படித்தவரும் இல்லை. புடைத்த கோட்டை விரலால் தடவிக்கொண்டே வரைகிறார், பின்னால் போகப் போகப் பொருள் சிறுக்கும் என்ற தொலைநோக்கு விதியும் அந்தப் படங்களில் வருகிறது. அவர் வரையும்போது மூளையை ஸ்கேன் எடுத்ததில், பார்வைக்கான பகுதி வேலை செய்வது தெரிந்தது. இதை வைத்து “கண் போனால் விரலுக்குப் பார்வை வந்துவிடும்” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒருவரின் மூளை, அதுவும் பிறந்ததிலிருந்தே கண் இல்லாமல் வளர்ந்த மூளை. முப்பதைத் தாண்டிப் பார்வை இழப்பவருக்கு அதே மாதிரி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

என்னைக் கேட்டால், பார்வையோடு ஓட்டப்பந்தயம் ஓட வேண்டாம். இருக்கும் பார்வையைப் படங்களை எண்ணிக்கையில் கூட்டச் செலவழிப்பதைவிட, கண் இதுவரை தனியாகச் செய்துவந்த வேலையைக் கைக்கும் பழக்கத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் கொடுக்கச் செலவழியுங்கள். காரணம் எளிது. தொட்டு வேலை செய்யப் பழகும்போது, செய்தது சரியா என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் உங்களுக்கு இப்போது இருக்கிறது. பத்து வருஷம் கழித்துத் தொடங்கினால் அதற்கு இன்னொருவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் தானாகக் கற்றவர்களுக்கு ஒரு சிக்கல். படித்துவந்தவர்கள் ஒரு முறைப்படி போவார்கள்: இந்த வரிசை, இந்த அளவு, இந்த அடுக்கு என்று. தானாகக் கற்றவர் பெரும்பாலும் கலந்து பார்ப்பார், சரியில்லை, இன்னும் கொஞ்சம் மஞ்சள், மறுபடி பார்ப்பார், “ம், இப்போது சரி” என்று நிறுத்துவார். எவ்வளவு மஞ்சள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கண் பலவீனமாகும்போது முதலில் அறுவது இந்தச் சங்கிலிதான். நீலமும் பச்சையும் குழம்புகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது இந்த நோயில் எதிர்பார்க்கக்கூடியது. நீலம்-மஞ்சள் பக்கத்து வேறுபாடுகள்தான் பெரும்பாலும் முதலில் மங்கும். கருநீலமும் கறுப்பும் சீக்கிரமே ஒன்றாகிவிடும். ஆகவே இன்றைக்கே செய்முறை எழுதத் தொடங்குங்கள். நீங்கள் அடிக்கடி கலக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அட்டை. ஒரு சின்ன அளவுக் கரண்டியை வைத்துக்கொண்டு, வெள்ளை நான்கு, ஓக்கர் ஒன்று, அல்ட்ராமரின் அரை என்று அளந்து கலந்து, அட்டையில் பூசி, பக்கத்திலேயே அளவைத் தடித்த எழுத்தில் எழுதி, ஃபோனில் குரலிலும் பதிந்துவிடுங்கள். டியூப்புகளை இருபதிலிருந்து ஆறு ஏழாகக் குறையுங்கள். வெள்ளைக்கு ரப்பர் பேண்ட் வேண்டாம், மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று என்று சுற்றிவிட்டால் இருட்டிலும் எடுக்கலாம். பேலட்டில் வரிசை ஒருநாளும் மாறக் கூடாது. நிறம் சொல்லும் ஃபோன் செயலிகள் இருக்கின்றன. சிவப்பா பச்சையா என்று கேட்க உதவும், நுணுக்கமான சாயலுக்கு நம்ப முடியாது. விளக்கு மாறினால் அவை பதிலையும் மாற்றிவிடும்.

பெரிய கேன்வாஸில் ஓரங்கள் காணாமல் போகின்றன என்றும் எழுதியிருந்தீர்கள், அதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்களுக்கு நடுவில் 10 டிகிரி பார்வைப் புலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் தூரத்தில் நின்றால் கேன்வாஸில் ஒரே பார்வையில் தெரியும் வட்டத்தின் விட்டம் சுமார் 9 செ.மீ. ஒரு மீட்டரில் 17, 18. மூன்று மீட்டர் பின்னால் போனால் 50 செ.மீ.க்கு மேல். படத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும்போது பின்னால் போங்கள், நுணுக்கத்துக்கு மட்டும் கிட்டே வாருங்கள். அறை சின்னதாக இருந்தால் இன்னொரு வழி: கேன்வாஸை ஃபோட்டோ எடுத்து ஃபோனில் பாருங்கள். 40 செ.மீ. தூரத்தில் 10 டிகிரி என்பது 7 செ.மீ.; ஃபோன் திரையின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். முழுப் படமும் உங்கள் வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். குறைபார்வை ஓவியர்களுக்கு என்று கிடைக்கும் குறிப்புகளில் பாதி, பெரிதாக வரையுங்கள், உருப்பெருக்கி வாங்குங்கள் என்று சொல்லும். அது விழித்திரையின் நடுப்பகுதியான மாக்யுலா பழுதாகி நடுப்பார்வை போனவர்களுக்கு எழுதியது. உங்களுக்கு நடு நன்றாக இருக்கும்வரை பெரிதாக்குவது கெடுதல்தான் செய்யும். பெரிதாகப் பெரிதாக வட்டத்துக்குள் அடங்குவது குறைந்துகொண்டே போகும்.

கிளினிக்கில் ஆர்.பி. உள்ள ஓவியர்கள் சொல்லும் பெரிய தொல்லை நிறமும் இல்லை, கோடும் இல்லை. பிரஷ்ஷைப் பேலட்டுக்குக் கொண்டுபோய் வண்ணம் தொட்டுத் திரும்பினால், விட்ட இடம் கிடைக்காது. சின்ன வட்டத்தை வைத்துக்கொண்டு கேன்வாஸ் முழுக்கத் தேடுவதற்குள் எண்ணியது மறந்துபோகும். நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்: வலது கைக்காரர் என்றால் இடது கையின் நடுவிரல் கேன்வாஸின் விளிம்பைவிட்டு எழவே கூடாது. வேலை நடக்கும் இடத்துக்கு நேராக விளிம்பில் விரல் நிற்க, கட்டைவிரல் உள்ளே நீண்டு வேலையைத் தொடும். பிரஷ் திரும்பி வரும்போது கண் தேடுவது கேன்வாஸை அல்ல, தன் கையை. தன் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கண் வேண்டியதில்லை. விளிம்பிலிருந்து தூரமாக உள்ளே வேலை என்றால் விளிம்புக்கு விளிம்பு நூல் கட்டிக்கொள்ளலாம், ப்ளூ டேக் உருண்டையும் வைக்கலாம். பேலட்டை மேசையில் வைக்காமல் ஈசலோடு பொருத்திவிட்டால் போகும் தூரமே குறைந்துவிடும்.

வெளிச்சத்தில் இந்த நோய்க்கு இரண்டு பக்கத் தொல்லை: அதிகமாகவும் வேண்டும், கூசவும் கூடாது. மறைப்பு உள்ள விளக்கைப் பிரஷ் பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம், பல்பு கண்ணில் படாத மாதிரி வையுங்கள். விளக்கைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் நான்கு மடங்காகும், வாட் கூட்டுவதைவிட இது சுலபம். ஈர எண்ணெய் வண்ணம் பளபளக்கும். கேன்வாஸின் மேல்விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் கண்ணாடி மாதிரி அடிப்பது குறையும். வெளியே போகும்போது போடும் மஞ்சள் அல்லது தேன் நிறக் கண்ணாடியை நிறம் கலக்கும்போது கழற்றிவிடுங்கள். வெயிலிலிருந்து வந்த உடனே நிறத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள், உங்கள் கண் பழகிக்கொள்ள மற்றவர்களைவிட நேரம் பிடிக்கும்.

வாரத்தில் ஒரு வேளை கண்ணைக் கட்டிக்கொண்டு வரையுங்கள். முதலில் கோடு மட்டும்: துணியில் போடும் புடைப்பு வண்ணத்தால் கோடு இழுத்துக் காயவிட்டால் விரலுக்குத் தெரியும். 2001இல் பார்வை போனபிறகே ஓவியம் கற்றுக்கொண்ட ஜான் பிராம்ப்ளிட் என்ற அமெரிக்க ஓவியர் வண்ணங்களின் கெட்டித்தன்மையையே மாற்றி வைத்திருக்கிறார். வெள்ளை பேஸ்ட் போல இருக்கும், கறுப்பு ஒழுகும், தொட்டாலே எது என்று தெரிந்துவிடும். வண்ணத்தோடு கலக்கும் மீடியம் சேர்த்து நீங்களும் இதைச் செய்யலாம். கட்டை அவிழ்த்ததும் எங்கே பிசகியது என்று பாருங்கள். பிசகுக்கு ஒரு ஒழுங்கு இருக்கும்: சிலருக்கு எல்லாம் வலப்பக்கம் ஏறும், சிலருக்குக் கீழே இறங்கும். அந்த ஒழுங்கு தெரிந்துவிட்டால் திருத்துவது சுலபம். ஒரு எச்சரிக்கையை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். விரலால் வரையத் தொடங்கினால் காட்மியம், ஈயம் கலந்த வண்ணங்களைத் தள்ளிவையுங்கள், இல்லையென்றால் நைட்ரைல் கையுறை போடுங்கள். டர்பன்டைனுக்கும் அதே ஜாக்கிரதை. எது எந்த டம்ளர் என்று தெரியாத மேசையில் குடிக்கும் தண்ணீரை வைக்காதீர்கள்.

பார்வை குறையக் குறைய, இல்லாத கோலங்களோ முகங்களோ தெரியத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். சார்ல்ஸ் பானே நோய்க்குறி என்று பெயர், மனநோய் இல்லை, மூளை வெற்றிடத்தைத் தானாக நிரப்புகிறது. டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஓவியர் என்பதால் நீங்கள் அதைப் படத்தில் உபயோகித்துக்கொண்டால் அது உங்கள் இஷ்டம்.

களிமண் விஷயம். அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃபுக்கு மாக்யுலா பழுதாகி, 1972க்குப் பிறகு யார் உதவியும் இல்லாமல் எண்ணெய் ஓவியம் வரைய முடியாமல் போனது, களிமண்ணுக்குப் போனார். அவருக்கு அப்போது எண்பதுக்கு மேல். உங்கள் நோய் வேறு, வயது வேறு, நடுப்பார்வை இன்னும் இருக்கிறது. களிமண்ணைத் தொட்டுப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் மாற வேண்டாம், எண்ணெய் டியூப்புகளை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பார்வைப் புல வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கண்ணிலும் நடுவில் எத்தனை டிகிரி மிச்சம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நடுப்பகுதியில் நீர் இருக்கிறதா என்று, விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். குறைபார்வைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள், கேட்டால்தான் பல இடங்களில் தருவார்கள். அங்கே போகும்போது வெறும் கையோடு போகாமல், பாதி வரைந்த ஒரு கேன்வாஸையும் பிரஷ்ஷையும் எடுத்துப் போங்கள். எழுத்து அட்டையைப் படிக்கவைத்துக் கண்டுபிடிக்க முடியாதது, நீங்கள் வரைவதைப் பத்து நிமிஷம் பார்த்தால் தெரிந்துவிடும்.